சுய உருவப்படத்தில் ஐரோப்பாவைத் தேடுவது எப்படி? ஜப்பானிய ஓவியர்களை வைத்து ஒரு பயிற்சி

படத்தின் முன் நின்றதும் ‘இது வான்கோ’, ‘இது செசான்’ என்று பெயர் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லும் பெயர் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயர் டோக்கியோவுக்கு எந்த வழியாக வந்தது என்று பார்க்கப் பழகிவிட்டால், ஒரே முகத்தின் முன் அரை மணி நேரம் நின்றாலும் அலுக்காது.

நான் ஓவியன் இல்லை. வேலைக்காலம் முழுக்க அச்சகத்தில் வண்ணப் பிரிப்பு பார்த்தவன். அசலையும் புரூஃபையும் அருகருகே வைத்து, எது தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. மகள் டோக்கியோவில் இருக்கிறாள். அங்கே போகும்போதெல்லாம் தாக்கெபாஷி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றுவிடுவேன். ஓவியம் படித்தவர்கள் இந்தப் படங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள். நான் பார்ப்பது அச்சுக்காரனின் கண்ணால். இந்தப் படங்களுக்கு அந்தக் கண் நன்றாகவே பொருந்துகிறது. ஏனென்றால் 1910-களில் டோக்கியோவில் தன் முகத்தை வரைந்துகொண்டிருந்த இளைஞர்கள் பலருக்கு ஐரோப்பிய ஓவியம் என்பது பத்திரிகையில் அச்சான படம். அதுவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்.

முதல் வேலை, ஓவியர் ஐரோப்பா போனாரா, போயிருந்தால் எந்த ஆண்டு என்று பார்ப்பது. படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓவியம் வரைந்த ஆண்டு இருக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள். பாதி ஊகங்கள் இங்கேயே உதிர்ந்துவிடும்.

குரோடா செய்கி 1884-இல் சட்டம் படிக்கப் பாரிஸ் போய், ராஃபயேல் கொலானிடம் ஓவியம் கற்று, 1893-இல் திரும்பியவர். உமெஹரா ரியூசபுரோ 1909-இல் தெற்கு ஃபிரான்ஸில் ஓவியர் ரெனுவாரின் வீட்டுக் கதவையே தட்டியவர். இவர்களைப் பொறுத்தவரை ‘பாதிப்பு’ என்றால் ஆசிரியர், மாணவர், ஈரச் சாயம். இன்னொரு பக்கம் யொரொசு டெட்சுகொரோ, கிஷிடா ரியூசெய், நகாமுரா ட்சுனே. மூவருமே ஐரோப்பா போகவில்லை. ஜப்பானின் சுய உருவப்படங்களில் மிகத் துணிச்சலானவை இந்த மூவருடையவை என்பது என் கணக்கு. ஆகவே இவர்களிடமிருந்து தொடங்குங்கள் என்பேன்.

யொரொசுவின் ‘சிவந்த கண்கள் கொண்ட சுய உருவப்படம்’ தொடங்குவதற்கு நல்ல படம். 1912-13-இல் வரைந்தது, மொரியோகாவில் உள்ள இவாத்தே கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேருக்கேற்றபடி கண்கள் சிவப்பு. முகம் கூரான தளங்களாக உடைந்திருக்கிறது, அந்த உடைப்பு முகத்தோடு நிற்காமல் பின்னணிக்கும் பரவுகிறது. யொரொசு 1885-இல் இவாத்தே மாகாணத்தில் ட்சுசிஸாவா என்ற ஊரில் பிறந்தவர். 1912-இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பட்டப்படிப்பை முடிக்கும்போது ‘நிர்வாண அழகி’ என்ற படத்தைக் கொடுத்தார். புல்வெளியில் சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெண், மூக்குத் துவாரம் தெரிய நம்மை மேலிருந்து பார்ப்பதுபோல. வகுப்பில் 19 பேர், அவருக்குக் கிடைத்தது 16-ஆவது இடம். இன்றைக்கு அந்தப் படம் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து, தாக்கெபாஷி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவந்த கண்கள் அதை ஒட்டிய மாதங்களில் வந்தவை. மொரியோகா வரை போக முடியாதவர்கள் முதலில் தாக்கெபாஷிக்குப் போய் அழகியைப் பார்த்துவிட்டு, சிவந்த கண்களை நல்ல அச்சுப் பிரதியில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இந்த அருங்காட்சியகங்கள் வருடத்துக்குப் பலமுறை படங்களை மாற்றி மாட்டும். தேடும் படம் இப்போது சுவரில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை எடுத்தால் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா மெதுவாக எழுந்து வந்து ஒரு பென்சிலை நீட்டுவார். அவர்கள் மரியாதையாகத்தான் செய்வார்கள், நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

படத்தின் முன் நின்றதும் சீட்டைப் படிக்க வேண்டாம். நோட்டில் முகத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். நன்றாக வர வேண்டியதில்லை. வரையும்போது மூன்று விஷயங்கள் தானாகக் கண்ணில் படும்: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கண்மணிகள் எங்கே பார்க்கின்றன, கைகள் படத்துக்குள் இருக்கின்றனவா. கிமோனோ அணிந்திருந்தால் கழுத்து மடிப்பையும் கவனியுங்கள். உயிரோடிருப்பவர்கள் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலே வைத்துத்தான் கட்டுவார்கள். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு. ஆனால் கண்ணாடியில் இது தலைகீழாகத் தெரியும். ஆகவே படத்தில் பார்ப்பவருக்கு இடப்பக்கம் உள்ள மடிப்பு மேலே இருந்தால், ஓவியர் கண்ணாடியில் கண்டதை அப்படியே இறக்கியிருக்கிறார். பார்ப்பவருக்கு வலப்பக்கம் மேலே இருந்தால், அவர் திருத்தியிருக்கிறார், அல்லது புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஐரோப்பாவுக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இல்லைதான். ஆனால் கண்ணால் காண்பதை எவ்வளவு தூரம் நம்பினார் என்பது இதில் பிடிபடும், அது பின்னால் உதவும்.

அப்புறம்தான் என் முக்கியமான பயிற்சி. படம் எடுக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, கைபேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் கடையில் அஞ்சலட்டை வாங்கி, அதைப் படம் எடுத்து மாற்றலாம். நீங்கள் சந்தேகப்படும் ஐரோப்பியப் படத்தையும் இதேபோல் கறுப்பு வெள்ளையாக்கி, இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் வையுங்கள்.

ஏன் இப்படி? ‘ஷிரகாபா’ என்ற இலக்கியப் பத்திரிகை 1910 ஏப்ரலில் தொடங்கி 1923 வரை வந்தது. ரோடான், வான்கோ, செசான், கோகேன், மத்தீஸ் எல்லாரையும் ஜப்பானிய இளைஞர்களின் மேசைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு அதற்குத்தான். பக்கத்தில் இருந்ததோ மையின் கருமையும் தாளின் வெண்மையும். அந்த வழியில் எது தப்பிப் பிழைக்கும், எது செத்துப்போகும் என்று அச்சுக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

வான்கோவின் தூரிகைத் தடம் பிழைக்கும். தடிப்பான சாயத்தின் ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு நிழல் விழுவதால், கறுப்பு வெள்ளையில் அது இன்னும் கூர்மையாகக்கூடத் தெரியும். கன்னத்தைச் சுற்றி, தாடையை ஒட்டி, காதுக்குப் பின்னால் வளைந்து என்று கோடுகள் ஓடும் திசையை அப்படியே படித்துவிடலாம். செசான் பாதிதான் பிழைப்பார். அவர் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போவது கருமையைக் கூட்டி அல்ல, ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்கு என்று நிறத்தை மாற்றி. அச்சில் அந்த மூன்றும் ஒரே சாம்பலாகிவிடும். மிஞ்சுவது சாய்வான தூரிகைப் பட்டைகளும் தளங்களின் விளிம்பும்தான். ரெம்பிராண்ட் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடுவார், அவருடைய விளையாட்டே இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில்தான். நானூறு ஆண்டு பழைய ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் செதுக்குப் படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை பிறவியிலேயே அச்சுப் படங்கள். இன்னொரு முறை அச்சேறும்போது இழப்பது மிகக் குறைவு.

இந்த அளவுகோலோடு சிவந்த கண்களுக்குத் திரும்பி வாருங்கள். கறுப்பு வெள்ளையில் முகத்தின் உடைந்த தளங்கள் அப்படியே நிற்கும். கூர் விளிம்பு, பக்கத்தில் பக்கத்தில் இருளும் ஒளியும். உருவத்தைத் தளங்களாக உடைத்துக் காட்டும் க்யூபிசம், வேகத்தைக் கொண்டாடும் ஃபியூச்சரிசம் என்று விமர்சகர்கள் பேர் சொல்வதெல்லாம் இந்தப் பகுதியைத்தான். நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் கண்ணில் அறையும் சிவப்பு வருகிறது. அதை எந்தக் கறுப்பு வெள்ளைப் பக்கமும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

சரி, நிறத்துக்கான துணிச்சல் எங்கிருந்து வந்தது? இங்கே அச்சுப் படத்தை விட்டுவிட்டு அச்சான எழுத்தைப் பார்க்க வேண்டும். இத்தாலிய ஃபியூச்சரிஸ்டுகளின் அறிக்கை 1909 ஃபிப்ரவரியில் பாரிஸில் வெளியானது. அதே ஆண்டு மே மாதம் எழுத்தாளர் மொரி ஓகாய் அதன் கொள்கைகளை ‘சுபாரு’ பத்திரிகையில் ஜப்பானிய மொழியில் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், பாரிஸிலிருந்து திரும்பியிருந்த சிற்பி, கவிஞர் தகாமுரா கோதாரோ அதே பத்திரிகையில் ‘பச்சைச் சூரியன்’ என்ற கட்டுரையை எழுதினார். ஒருவர் சூரியனைப் பச்சையாக வரைந்தால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், கலைஞனுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும் என்பது அதன் சாரம். 1912 அக்டோபரில் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஃபியூஸான் என்ற இளம் ஓவியர் குழு கண்காட்சி வைத்தபோது தகாமுரா, யொரொசு, கிஷிடா மூன்று பேரும் அதில் இருந்தார்கள். என் முடிவு இது: சிவந்த கண்களின் வடிவம் ஐரோப்பியப் படங்களிலிருந்து, நிறத்துக்கான உரிமை பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்து, எந்த நிறம் என்ற தேர்வு யொரொசுவினுடையது. இதை யாரும் மறுக்கலாம். மறுப்பவர் எந்த வழியாக அந்தச் சிவப்பு வந்தது என்று காட்டினால் போதும்.

அடுத்தது கிஷிடா ரியூசெய். இவரிடம் ஒரே படத்தைப் பார்க்காமல் வரிசையாகப் பாருங்கள். 1891-இல் கின்ஸாவில் பிறந்தவர். அப்பா கிஷிடா கின்கோ பெயர்பெற்ற பத்திரிகையாளர், கண் சொட்டு மருந்தும் விற்றவர். மகன் 1908-இலிருந்து குரோடாவின் பாணி கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கூடத்தில் படித்தார். 1911-இல் ஷிரகாபா குழுவோடு பழக்கம் வந்ததைத் தன் இரண்டாவது பிறப்பு என்று அவரே எழுதியிருக்கிறார். 1912-இலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் மனிதர் முகமாக வரைந்து தள்ளினார். முதலில் தன் முகம், அப்புறம் பார்க்க வரும் நண்பர்கள் முகம். வீட்டுக்கு வருகிறவரை எல்லாம் உட்காரவைத்து வரைந்துவிடுவதால், கிஷிடா தலை வேட்டையாடுகிறார் என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

இவர் பல படங்களில் தேதியையே எழுதிவைத்துவிடுவார். அது நமக்குப் பெரிய வசதி. 1912 முதல் 1914 வரையான சுய உருவப்படங்களை ஒரு நல்ல தொகுப்பு நூலிலிருந்து எடுத்துத் தேதிப்படி அடுக்குங்கள். முதலில் வருபவற்றில் தூரிகை ஓடிய திசை தெரியும், சாயம் தடிப்பு, நிறங்கள் சத்தமாக இருக்கும். வான்கோ. போகப்போகத் தூரிகைத் தடம் அடங்குகிறது. நிறம் பழுப்புக்கு இறங்குகிறது. தோலின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் தேடிப்போகும் ஒரு பொறுமை வருகிறது. ட்யூரர், அவருக்கும் முந்திய வான் எய்க். உலகம் முழுக்க ஓவியர்கள் செசானிலிருந்து பிக்காஸோ பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது இந்த இருபத்து மூன்று வயதுப் பையன் நானூறு ஆண்டு பின்னால் போனார். பழமை விரும்பி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு முன்னால் இரண்டும் ஒரே மாதிரி அச்சுப் பக்கங்களாகத்தான் இருந்தன. வான்கோவும் ட்யூரரும் அவருக்குச் சமகாலத்தவர்கள். பாரிஸில் இருந்தவனுக்குப் பின்னால் போக வெட்கம் தடுத்திருக்கும், கின்ஸாவில் அந்தத் தடை இல்லை.

ட்யூரரை உறுதிசெய்ய மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். முதலாவது, கையில் ஒரு சின்னச் செடி. ட்யூரர் 1493-இல் தன்னை வரைந்தபோது கையில் முள்செடி ஒன்றைப் பிடித்திருந்தார், அந்தப் படம் லூவரில் இருக்கிறது. கிஷிடா 1916-இல் வரைந்த கோயா யோஷியோவின் உருவப்படத்தில் அந்த நண்பரின் கையில் ஒரு செடி. 1918-இல் தன் மகள் ரெய்கோவை ஐந்து வயதில் வரைந்தபோதும் குழந்தையின் கையில் சின்னதாய்ச் சிவந்த பூங்கொத்து. இரண்டும் தாக்கெபாஷியில் இருக்கின்றன. இரண்டாவது, படத்துக்குள் எழுத்து. ட்யூரர் 1500-ஆம் ஆண்டு சுய உருவப்படத்தில் ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் லத்தீன் வரிகள் எழுதியதுபோல, கிஷிடாவும் பெயர், தேதி ஆகியவற்றை அலங்கார எழுத்தில் படத்தின் பாகமாகவே ஆக்கினார். மூன்றாவது, வளைவு. ரெய்கோ படத்தின் மேற்பகுதியில் வளைந்த சட்டம் ஒன்றைச் சாயத்தாலேயே வரைந்திருக்கிறார். இந்த மூன்றும் கறுப்பு வெள்ளை அச்சில் கொஞ்சமும் சேதமில்லாமல் கடந்துவரக்கூடியவை என்பதைக் கவனியுங்கள்.

நகாமுரா ட்சுனேயிடம் இதே வேலையைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. காசநோய் பிடித்து, ராணுவப் பள்ளியை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தவர் அவர். 1909, 1910-இல் வரைந்த சுய உருவப்படங்களில் ரெம்பிராண்ட் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். பின்னால் ரெனுவார் பக்கம் போனார்; 1920-இல் வரைந்த கண் தெரியாத ரஷ்ய எழுத்தாளர் எரோஷெங்கோவின் உருவப்படம் அந்தக் காலத்தின் உச்சம். இறப்பதற்குக் கொஞ்சம் முன், 1923-24-இல், மடியில் மண்டையோட்டை வைத்தபடி உட்கார்ந்திருப்பதாகத் தன்னை வரைந்தார். முகம் நீண்டு ஒடுங்கி இருக்கிறது. ஸ்பெயினில் வரைந்த பழைய ஓவியர் எல் கிரெக்கோவின் துறவிகள் ஞாபகம் வருவார்கள். இந்தப் படம் இருப்பது குராஷிகியின் ஓஹாரா அருங்காட்சியகத்தில். ஓவியர் கொஜிமா தொராஜிரோ 1922-இல் பாரிஸில் வாங்கிவந்த எல் கிரெக்கோவின் ‘அறிவிப்பு’ ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. ‘ஆ, கண்டுபிடித்துவிட்டேன்’ என்று குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். அந்த அருங்காட்சியகம் திறந்தது 1930-இல். நகாமுரா இறந்தது 1924 டிசம்பரில், டோக்கியோவில். கடைசி ஆண்டுகளில் ஷிமோ-ஓச்சியாயில் இருந்த தன் பட்டறையை விட்டு அதிகம் நகரமுடியாத நோயாளி. இரண்டு படங்கள் இன்றைக்கு ஒரே கூரையின் கீழ் இருப்பது எதற்கும் சாட்சி அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வசதி, அவ்வளவே.

நேரில் போய்ப் பார்த்தவர்கள் எப்படி என்று தெரிந்துகொள்ள இரண்டு பேர் போதும். சாயெகி யூஸோ 1924 கோடையில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓவேர்-சுர்-வாஸ் ஊரில் ஃபிரெஞ்சு ஓவியர் விளமாங்கைச் சந்தித்துத் தன் படத்தைக் காட்டினார். ‘வெறும் பள்ளிக்கூடத்து ஓவியம்’ என்று அந்த மனிதர் கத்தித் தீர்த்துவிட்டார். அந்த ஆண்டு சாயெகி வரைந்த ‘நிற்கும் சுய உருவப்படம்’ ஒசாகாவின் நகானோஷிமா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் தூரிகை, வண்ணத் தட்டு எல்லாம் உண்டு. முகம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. இங்கே பாதிப்பைத் தூரிகைத் தடத்தில் தேடி என்ன பயன்? அது கத்தித் தடத்தில் இருக்கிறது.

ஃபூஜிட்டா நேர் எதிர். 1910-இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பட்டம் வாங்கும்போது கொடுத்த சுய உருவப்படத்தில் கறுப்பு தூக்கலாக இருந்தது. மாணவர்கள் கறுப்பு பயன்படுத்துவது அங்கே ஆசிரியராக இருந்த குரோடாவுக்குப் பிடிக்காது. 1913-இல் பாரிஸ் போனார் ஃபூஜிட்டா, பெயரும் புகழும் அங்கேதான் வந்தன. 1929-இல் வரைந்த சுய உருவப்படத்தில், தாக்கெபாஷியில் உள்ளதில், மேசைமேல் என்ன இருக்கிறது பாருங்கள்: மை தேய்க்கும் கல், மெல்லிய தூரிகை. கூடவே ஒரு பூனை. ஐரோப்பாவில் பதினாறு ஆண்டு இருந்தவர் ஜப்பானைக் காட்டுகிறார். ஐரோப்பா போகாத யொரொசு ஐரோப்பாவைக் காட்டுகிறார். வியாபாரமும் இதில் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். பாரிஸில் கூட்டத்துக்கு நடுவே தனியாகத் தெரிய மை தேய்க்கும் கல் உதவும், டோக்கியோவில் செசான் உதவுவார்.

வான்கோவே ஜப்பானிய அச்சுப்படங்களைச் சேர்த்தவர்தானே, 1889-இல் காதில் கட்டோடு வரைந்த சுய உருவப்படத்தின் பின்சுவரில் ஒரு ஜப்பானியப் படம் தொங்குகிறதே என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதைவைத்து ‘போனது திரும்பி வந்தது’ என்று அழகாக முடிச்சுப் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. கிஷிடா அந்தத் தூரிகைத் தடத்தில் கண்டது ஜப்பானிய அச்சுப்படக் கலைஞர் ஹிரோஷிகேயை அல்ல, வான்கோவை.

வீடு திரும்பியதும் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரி எழுதுங்கள். என் நோட்டில் சிவந்த கண்களுக்கு இருப்பது இது.

எடுத்தது: உடைந்த தளங்கள், முகமும் பின்னணியும் ஒரே மாதிரி உடைவது.

வந்த வழி: அச்சுப் படம், பத்திரிகைக் கட்டுரை. ஆசிரியர் வழி அல்ல. நேரில் அல்ல.

நாள்: 1909 மே, 1910 ஏப்ரல், 1912 அக்டோபர். படத்துக்கு முந்தியவை, சரி.

எடுக்காதது: க்யூபிசக்காரர்களின் அடங்கிய பழுப்பும் சாம்பலும். முகத்தை முகம் என்றே தெரியாதபடி கலைப்பது.

நான்காவது வரிக்குத்தான் அதிக நேரம் ஆகும். மற்ற மூன்றும் நூலகத்தில் கிடைக்கும், இதற்குப் படத்தின் முன் நிற்க வேண்டும். இரண்டாவது வரியில் ‘வந்த வழி’ எழுத முடியவில்லை என்றால் முதல் வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, அடுத்த ஐரோப்பியரை எடுத்து மறுபடியும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.